மூன்றாம் ஓலைக்குத் தடை சொன்னவன்

கம்பம் சந்தையில் அன்றைக்குப் பெய்ததை மழை என்று சொன்னால் மழைக்கே கோபம் வரும். விற்க வந்த வெள்ளாடுகள் நீந்தித்தான் வீடு திரும்பின. நீந்தத் தெரியாத ஆடுகள் மறுவாரம் வந்து சேர்ந்தன.

அந்த மழையில் ஒரு வாலிபன் நின்றுகொண்டிருந்தான். கையில் சீனத்து எண்ணெய்க் காகிதக் குடை. குடையை அவன் தனக்குப் பிடிக்கவில்லை... முக்காலி மேல் வைத்திருந்த ஒரு மரப்பெட்டிக்குப் பிடித்திருந்தான். தான் மட்டும் தெப்பமாக நனைந்துகொண்டிருந்தான்.

மிளகாய்க் கூடையோடு ஓடிவந்த ஒருத்தி நேராகக் குடைக்குள் புகுந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் கூடையை இறக்கினாள். முந்தானையைப் பிழிந்தாள். அதற்கப்புறம்தான், குடைக்கு ஒரு கையும் கைக்கு ஓர் ஆளும் இருப்பதைக் கவனித்தாள்.

அந்தக் கண்கள்...

குடை பிடித்திருந்த ஆரோக்கியசெல்வம் பினாங்கில் பல வருஷம் இருந்தவன். அங்கே மலாய்க்காரர் நாடகக் கொட்டகையில் திரை இழுத்தவன். சீனக் கூத்தில் புருவம் தீட்டிய ராணிகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். ஆனால் இப்படி ஈரம் சொட்டும் இமைகளும், நடுவே இவ்வளவு குறும்பும்... எந்தக் கப்பலிலும் வந்து இறங்கி அவன் பார்த்ததில்லை.

"ஏய்யா, பெட்டிக்குச் சளி பிடிச்சிருமாக்கும்?"

"பிடிக்கும் புள்ள. உள்ள சயாம் ராசா இருக்காக, பர்மா ராணி இருக்காக... எல்லாரும் காகிதம்."

"அப்ப நீங்க?"

"நான் தோலு. காஞ்சுக்கிருவேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க மழை கொஞ்ச நேரம் நின்றது. அன்று சந்தைக்குப் போயிருந்த யாரும் இதை இதுவரை மறுக்கவில்லை.

பெயர் கேட்டான். வியாகுலமேரி என்றாள். துக்கமே பெயராக இருந்தும் அதில் துளிகூட முகத்தில் இல்லை. பெயர் வைத்தவர்கள் பிள்ளையைப் பார்க்காமலே வைத்திருக்க வேண்டும்.

பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நாலா திசை ஆட்களும் கம்பத்தில் புழங்கியதால் படப்பெட்டிக்கு நல்ல கிராக்கி. வட்டக் கண்ணாடியில் கண்ணை வைத்தால் போதும். ஆரோக்கியசெல்வம் மேலே கயிற்றை இழுக்க, உள்ளே ஒவ்வொரு படமாக இறங்கும். இறங்குகிற படத்துக்கு அவன் ராகம் போட்டுப் பாடுவான். படங்களை எழுதியவன் பினாங்கில் அவனோடு ஒரே அறையில் கிடந்த ஆ செங் என்ற சீனன். பதிலுக்கு இவன் சொந்த ஊரைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவன் கம்பத்தையும் எழுதி அங்கே காட்டினான். கம்பத்து மாடுகள் மேகத்தின் மேல் மேய்கின்றன என்றுதான் பினாங்குச் சீனர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மேகமலையை மனத்தில் வைத்துச் சொன்னதாக ஆரோக்கியசெல்வம் பிற்பாடு சமாளித்தான்.

மறுவாரமே படப்பெட்டி, வியாகுலமேரியின் ஊருக்குப் போனது. கம்பத்துக்குக் கிழக்கே, ஊர் முழுக்க ஞானஸ்நானம் வாங்கிய வேதக்காரர்கள். மதுரைப் பக்கத்திலிருந்து பாதிரிச் சாமியார் எப்போதாவது குதிரையில் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வதும் ஊரை அதட்டுவதும் உபதேசியார் அருளப்பன். வியாகுலமேரியின் ஐயா அவர்தான். ஊர் ஊராகப் பெட்டி சுமக்கிறவனைப் பார்த்ததும், தன் மகள் பார்வை போன திசையையும் பார்த்தார். கூத்தாடிகளுக்கு இந்த ஊரில் தண்ணீர் கொடுப்பதுண்டு, பெண் கொடுப்பதில்லை என்று எதிரில் இருந்த வேப்பமரத்திடம் சொன்னார். வேப்பமரத்துக்கும் புரிந்தது.

ஆனாலும் மாதா திருநாளன்று, ஜெபம் முடிந்தபிறகு படம் காட்டிக்கொள்ள விட்டார். அங்கேதான் விபரீதம் நடந்தது.

விதவை ஜெயமேரி கண்ணாடியில் கண்ணை வைத்தாள். ஒரே மகனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வருஷமாக யாரோடும் பேசாதவள். அந்த நேரம் பார்த்து வியாகுலமேரி கூட்டத்திலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்... அவன் கை தவறான கயிற்றை இழுத்துவிட்டது. இறங்கியது, ஆ செங் அவனுக்காக மட்டும் எழுதிக் கொடுத்த படம். வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளை முக்காடு, கையில் பிள்ளை.

"மாதாவே" என்று ஜெயமேரி சேற்றில் முட்டி போட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

ஆரோக்கியசெல்வத்தின் வாயில் அப்போது ஒரு முறுக்கு இருந்தது. அதை மென்று விழுங்குவதற்குள் ஊரே முட்டி போட்டுவிட்டது. விழுங்கியபிறகு சொல்லியிருக்கலாம்தான்... ஆனால் உபதேசியார் கண்ணீரோடு வந்து அவனைக் கட்டிக்கொண்டார். கடல் தாண்டி மாதாவைச் சுமந்து வந்த பிள்ளை என்றார். அவர் தோளுக்கு மேலே வியாகுலமேரியின் முகம் தெரிந்தது. அவன் வாய் மூடிக்கொண்டது.

பெட்டி கோவிலுக்குள் போனது. மெழுகுவர்த்தி எரிந்தது. மலடென்று விற்க இருந்த பசு கன்று போட்டது. அடுத்த நாள் ஒரு காளையும் முயற்சி செய்ததாகச் சொன்னார்கள்; உபதேசியார் அதை நம்பவில்லை. கூத்தாடி 'மாப்ள' ஆனான். கல்யாணம் பேசி முடிந்தது. ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள்.

ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை அறிந்தவர் சொல்லக் கடவர் என்று கேட்பார்கள். யாராவது இருமுவார்கள். அதோடு முடிந்துவிடும்.

முதல் ஓலை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதற்கு முந்தின சாயங்காலம், கோவில் வாசலில் அவன் நின்றான். உள்ளே வியாகுலமேரி பெட்டிக்கு முன் முட்டி போட்டு, இவனுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அவன் பெயரை அவள் சொன்ன விதம் இருக்கிறதே... அந்தச் சந்தோஷத்தைச் சந்தோஷமாக அனுபவிக்க அவனால் முடியவில்லை.

மூன்றாவது ஓலை. தடை அறிந்தவர் சொல்லக் கடவர் என்றார் உபதேசியார். மாப்பிள்ளை எழுந்து நின்றான்.

"தடை இருக்குய்யா. நாந்தான் தடை." கோவில் திரும்பிப் பார்த்தது. "பெட்டியில இருக்கது மாதா இல்ல. சீனாக்காரக கும்புடுற தெய்வம். குவான் இம்னு பேரு. எனக்கு அன்னைக்கே தெரியும். பொண்ணு கைவிட்டுப் போயிருமேன்னு வாய மூடிக்கிட்டேன்."

சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதுகூடச் சத்தம் காட்டவில்லை.

உபதேசியார் ஓலையைச் சுருட்டினார். மாதா பேரைச் சொல்லியா என் மகளைக் கேட்டாய் என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார். 'மாப்ள' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து அப்போதே உதிர்ந்துவிட்டது.

அவன் பெட்டியைத் தூக்கக் குனிந்தான். ஜெயமேரி எழுந்து வந்து பெட்டி மேல் கை வைத்தாள்.

"ஏலே, அந்தம்மா என்ன செய்வாகளாம்?"

"உலகத்துல எங்கன ஆரு அழுதாலும் அவுக காதுல விழுமாம். எங்கூட்டாளி சொன்னான். எங்காத்தா செத்த சேதி பினாங்குக்கு வந்தன்னைக்கு இதை எழுதிக் குடுத்தான்."

ஜெயமேரி பெட்டியைத் தடவினாள். பிறகு, "அப்ப எஞ்சத்தம் சீனா வரைக்கும் போயிருக்கு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். உபதேசியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு முக்காடு எழுந்தது.

"ஐயா... தடைன்னு ஒருத்தர் சொன்னா, அது எந்தத் தடைன்னு நீங்க சொல்லணும்ல."

வியாகுலமேரிதான். உபதேசியாருக்குக் கல்யாணத் தடைகள் அத்தனையும் மனப்பாடம். அவற்றைச் சொல்லியே அந்த வட்டாரத்தில் பல கல்யாணங்களை நிறுத்தியவர். தூக்கத்தில் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்வார். கேட்டபிறகு சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. அது அவர் சுபாவம். சுவரைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். ரத்த உறவு? இல்லை என்றது ஊர். ஞானஸ்நான உறவு? இல்லை. முந்தின கல்யாணம்? இல்லை. வேத வித்தியாசம்?

அங்கே நிறுத்தினார். திரும்பினார். "அந்தச் சீனா தெய்வத்த நீ கும்புட்டியா?"

"இல்லய்யா. எங்கூட்டாளி கும்புட்டான். கும்புடாதன்னு நான் சொன்னதில்ல."

"அதுக்குத் தடை கிடையாது" என்றார் உபதேசியார். அதைச் சொல்ல அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மீதித் தடைகளையும் கடைசிவரை சொல்லிப் பார்த்தார். படத்தின் உண்மையை மறைத்தவன் எதிலும் அகப்படவில்லை. தடை செல்லாது என்று அறிவித்தார். பெட்டி கோவிலுக்கு வெளியே இருக்க வேண்டும், ஜெயமேரி எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும் என்றார். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்.

வெளியே புளியமரத்தடியில் ஆரோக்கியசெல்வம் பெட்டியை இறக்கிவைத்தான். பின்னாலேயே கொலுசுச் சத்தம்...

"எதுக்கு எந்திரிச்சீக? ஆராச்சும் ஒரு இருமல் இருமியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"நீ நேத்து எம்பேரச் சொல்லி முட்டி போட்டிருந்த. எனக்குத் தாங்கல புள்ள."

"ஐயா கடைசிவரைக்கும் ஒத்துக்கிறலன்னா?"

"வந்த வழியே போயிருப்பேன்."

"நான்?"

அவன் புளியமரத்தைப் பார்த்தான். வேப்பமரம் மாதிரி இதற்கு விவரம் பத்தாது போலிருந்தது.

"நானும் பின்னால வந்திருப்பேன்" என்றாள் அவள். கண்கள் தரையில் இருந்தன. "கூட்டிட்டுப் போவீகளான்னு கேக்கல... வந்திருப்பேன்னு சொல்றேன். பொண்ணு கைய விட்டுப் போகும்னு தெரிஞ்சும் நெசத்தச் சொல்றவுக, நாளைக்கு எங்கிட்டயா பொய் சொல்லப் போறாக."

சயாம் ராசாவையும் பர்மா ராணியையும் மூச்சுவிடாமல் பாடியவன் இப்போது வாயைத் திறந்தான். ராகம் வரவில்லை. வார்த்தையும் அரைகுறையாகத்தான் வந்தது.

"எனக்கு... உன்ன..."

"ம்... மிச்சம்?"

"நீயே சொல்லிரு புள்ள."

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். எட்டி, அவன் காதோரமாகச் சொன்னாள். ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த உபதேசியார் காதில் அது விழவில்லை. சீனாவில் விழுந்ததா என்பது ஆ செங்கைக் கேட்டால் தெரியும்.