இனிமே படிக்காதம்மா

வசந்தா காபியோடு உள்ளே வந்தபோது, மகள் கிருஷ்ணப்பிரியா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மதியம் எம்.ஏ. வரலாற்றில் கடைசிப் பரீட்சை.

"கடசிப் பாடத்த ஒரு தபா படிச்சுக் காட்டட்டா கண்ணு?" வசந்தாவின் குரல் கரகரத்தது.

"வேணாம்மா. நீ இனிமே எனக்குப் படிக்கவே வேணாம். இதுவே படிக்குது."

பிறவியிலேயே பார்வையில்லாத மகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து புத்தகம் படித்துக் காட்டியவள் வசந்தா. அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகவிருந்த வேலையை அதற்காகவே விட்டாள். அண்ணனூரில் இருக்கும் தங்கள் கூட்டுக் குடும்பத்துக்குச் சமைத்து முடித்ததும் புத்தகத்தைத் திறந்துகொண்டு உட்காருவாள். வரி விடாமல், மகளுக்கு மனதில் பதியும்வரை உரக்கப் படிப்பாள். எம்.ஏ. சேர்ந்த பிறகுதான், திரையில் இருக்கும் எழுத்தைப் பேசிக்காட்டும் மென்பொருளை மகள் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் 'வேணாம்மா'தான்.

அடுப்பங்கரையில் ஓரகத்தி சரசா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, மிசினு வந்ததும் அம்மாவ வேணான்னுட்டாளா? வேலையும் உட்டுட்டு, தொண்டத் தண்ணி வத்தப் படிச்சியே... இன்னாத்த கண்ட?"

வசந்தா குழம்பைக் கிளறிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மதியம் கல்லூரித் தாழ்வாரத்தில் காத்திருந்தவளைப் பரீட்சைக் கண்காணிப்பாளர் உள்ளே கூப்பிட்டார். அன்றைய கேள்வித்தாளை மட்டும் அப்படியே படம் பிடித்து, கிருஷ்ணப்பிரியா பரீட்சை எழுதும் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார்கள். எழுத்தாக இருந்தால்தான் மென்பொருள் படிக்கும். படத்தைப் பார்த்து அது வாயே திறக்கவில்லை.

"கேள்வியை மட்டும் நீங்க படிச்சுக் காட்டுங்கம்மா. நான் பக்கத்துலயே நிக்கிறேன்" என்றார் அவர்.

வசந்தாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தாளை வாங்கிக்கொண்டு தொண்டையைச் செருமினாள்.

"அம்மா, அத்தக் கீழ வை." கிருஷ்ணப்பிரியா எழுந்து நின்றாள். "சார், அம்மா படிக்க மாட்டாங்க. கேள்வி எழுத்தா வேணும்னு விண்ணப்பத்துலயே கேட்டிருந்தேன். டைப் பண்ணிக் குடுங்க. அதுவரைக்கும் காத்துக்கினு கீறேன்."

வசந்தா தாளைக் கீழே வைக்கவில்லை.

"நான் படிச்சா இன்னாடி கொறஞ்சுடும்? அவ்ளோ வேண்டாதவளாயிட்டனா நானு..."

"ஆவடி டாக்டரு உன்கிட்ட இன்னா சொன்னாருன்னு எனக்குத் தெரியும்மா."

வசந்தாவின் கை தானாகத் தொண்டைக்குப் போனது.

"தொண்டையில முடிச்சு கீது, இன்னும் சத்தமாப் படிச்சா பேச்சே போயிடும்னாரு. நீ ஊட்ல யாருக்கும் சொல்லல. நான் வெளிய பெஞ்சுல உக்காந்துகினு இருந்தேன். எனக்குக் கண்ணுதாம்மா தெரியாது." கிருஷ்ணப்பிரியாவின் குரல் உடைந்தது. "மறுவாரமே இத்தக் கத்துக்கப் போனேன். காரணத்தச் சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியா? எனக்கு ஒண்ணும் இல்லன்னு காட்டறதுக்கே இன்னும் சத்தமாப் படிச்சிருப்ப. அதான் வேணாம், வேணாம்னு மட்டும் சொன்னேன்."

தன்னை ஒதுக்குகிறாள் என்று எண்ணி அழுத நாட்களெல்லாம் வசந்தாவின் கண்முன் வந்து நின்றன. அத்தனை நாளும் பெற்றவளின் குரலை மகளல்லவா காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்... அவள் தாளைக் கண்காணிப்பாளரிடம் நீட்டினாள்.

"என் பொண்ணு கேட்ட மாதிரியே குடுங்க சார்" என்றாள்.

அவரே உட்கார்ந்து டைப் அடித்தார். வீணான நேரத்தையும் கூட்டிக் கொடுத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்ட கிருஷ்ணப்பிரியா முதல் கேள்வியைக் கேட்டதுமே தட்டச்சுப் பலகையில் விரல்களை ஓடவிட்டாள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த வசந்தாவுக்கு, அந்த விரல்களை விட்டுக் கண் நகரவில்லை.

ரிசல்ட் வந்த அன்று குடும்பமே கூடத்தில் கூடியிருந்தது. பார்த்துச் சொல்வதற்காக அப்பா அழகேசன் செல்போனை எடுத்தார். பத்தாம் வகுப்பு முதல் அப்படித்தான். அவள் வாங்கிய மார்க் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அவள் காதுக்கு வரும்.

"இருப்பா. இந்த வாட்டி நான் பாக்குறேன்" என்றாள் கிருஷ்ணப்பிரியா.

அவள் லேப்டாப் விசைகளைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். மெல்ல மெல்ல அவள் முகம் மலர்ந்தது.

"இன்னான்னு சொல்லேண்டி" என்றாள் சரசா, பொறுக்கமுடியாமல்.

கிருஷ்ணப்பிரியா ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள். ஒவ்வொரு பாடமாக மார்க்கைச் சொல்லிக்கொண்டே வந்த மென்பொருளின் குரல், கடைசியில் முதல் வகுப்பு என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னது. அழகேசன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சரசா மெல்ல வந்து வசந்தாவின் கையைப் பிடித்தாள். "யக்கா... அன்னிக்கு உன் தொண்ட விசயம் தெரியாம வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

"உடு சரசா. எனக்கே இன்னா தெரிஞ்சுது" என்ற வசந்தா, மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அந்த அணைப்புக்குள் அழுதபடியே சிரித்தாள் கிருஷ்ணப்பிரியா.

"என் மார்க்கு மொதல்ல எனக்குத் தெரிஞ்சுதும்மா. அப்புறந்தான் உங்களுக்கெல்லாம்."