காற்றாடிக்கு ஒரு மாஸ்க்

மாரீஸ்வரி சோழபுரத்துக்குக் குடிபோகப் போகிறாள் என்று இர்ஃபானாவிடம் சொன்னது மாரீஸ்வரியேதான். அதுவும் கணக்கு வகுப்பில், டீச்சர் போர்டு பக்கம் திரும்பியிருந்தபோது, காதோடு காதாகச் சொன்னாள்.

பாதிக் கணக்கில் இர்ஃபானாவின் பென்சில் நின்றுவிட்டது.

ராஜபாளையத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தி அன்றைக்கு முழுவதும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அப்படிப்பட்டவள் ஊரைவிட்டே போவதா?

"ஏட்டி, எதுக்கு?" என்று கேட்டாள் இர்ஃபானா.

"எனக்கு மூச்சு இளைப்பு வருதுல்ல. தூசி இல்லாத எடத்துல வச்சுக்கோங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அம்மா அங்க வீடு பாத்துட்டு வந்துட்டாக. அடுத்த வாரம் போறோம்."

எந்தத் தூசி என்று மாரீஸ்வரி சொல்லவில்லை. அவள் சொல்லாவிட்டாலும் இர்ஃபானாவுக்குத் தெரியும்.

இர்ஃபானாவின் அத்தா ஹபீப் ரகுமான், வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு மரவேலை செய்கிறார். ஸ்டூல், பூரிக்கட்டை, குர்ஆனை வைத்து ஓதும் ரெஹால் பலகை, சாமி படம் வைக்கும் மாடம் என்று யார் எது கேட்டாலும் செய்து கொடுப்பார். முன்பெல்லாம் உப்புத்தாளை வைத்துக் கையாலேயே மரத்தைத் தேய்ப்பார். தூள் அவர் காலடியிலேயே விழுந்து கிடக்கும். இந்த வருடம்தான் தேய்க்கிற மிஷின் வாங்கினார். மரம் வழவழவென்று ஆனது. கூடவே கோதுமை மாவு போல மெல்லிய தூசியும் கிளம்பியது. அது வீட்டுக்குள் வரக்கூடாது என்று கொட்டகை ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டினார்.

மாரீஸ்வரியின் அம்மா காளீஸ்வரி, ஹபீபை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். உங்கள் பிழைப்பை நிறுத்தச் சொல்ல மாட்டேன், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நாங்கள் போய்விடுகிறோம் என்று அவர் தன்மையாகச் சொல்லியிருந்தார். ஹபீபுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்ச நாள் மிஷினைத் தொடாமல் இருந்து பார்த்தார். ஆர்டர் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்றதும் வேறு வழியில்லாமல் மறுபடி ஓட்டினார்.

சண்டை போட்டிருந்தாலாவது பேசித் தீர்க்கலாம். இரண்டு பக்கமும் நல்லவர்களாக இருந்துவிட்டால் யாரிடம் போய் மல்லுக்கட்டுவது? இர்ஃபானாவுக்குக் கோபம் கோபமாக வந்தது.

இர்ஃபானாவிடம் ஒரு குணம் உண்டு. ஒன்று நடக்காது என்று யாராவது சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வாள். பிறகு அதைச் செய்யக் கிளம்பிவிடுவாள். அன்று வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அறிவித்தாள்.

"அத்தா, மாரி எங்கயும் போகமாட்டா. நான் பாத்துக்கிறேன்."

முதலில் ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். தூசி வீட்டுக்குள் வந்து சாம்பார்ச் சட்டி வரை எட்டிப் பார்த்தது. அம்மா நூர்னிசா துடைப்பத்தோடு வந்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.

அடுத்து, கொட்டகைத் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்தாள். தூசி கொஞ்சம் அடங்கியது உண்மைதான். ஆனால் கீழே சாய்த்து வைத்திருந்த ஸ்டூல் பலகையும் நனைந்து ஊறிப் பூரி மாதிரி உப்பிவிட்டது. கோபமே வராத அத்தா, "இர்ஃபானா பேகம்" என்று முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் முழுப் பெயர் சொன்னால் அந்தப் பக்கம் செத்த நேரம் போகாமல் இருப்பது நல்லது.

அவள் வெளியே வந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் நின்றாள். உள்ளே மிஷின் ஓடத் தொடங்கியது. ஃபேன் தூசியைப் புகையாக வெளியே தள்ளியது. மலைப் பக்கமிருந்து வீசிய மேல்காற்று அதை அப்படியே வாரிக்கொண்டு போய் எதிரே இருந்த மாரீஸ்வரி வீட்டு ஜன்னலில் போட்டது. இர்ஃபானாவின் தலையிலும் இமையிலும் பாதி விழுந்தது.

தும்மிக்கொண்டே நின்ற அவளுக்கு ஒன்று புரிந்தது. எங்கள் வீடு சுத்தமாக இருக்கிறது என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அந்தத் தூசியெல்லாம் மாரி வீட்டில் அல்லவா இருக்கிறது. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்படியே மாரீஸ்வரி வீட்டுக்குள் போனாள். மாவு மில்லிலிருந்து வந்தவள் போல நின்ற அவளைப் பார்த்து மாரீஸ்வரி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, முகத்தில் கட்டியிருந்த மாஸ்க்கைக் கழற்றி மூச்சு வாங்கினாள்.

காளீஸ்வரி பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போகிறவர். அங்கே கழித்துப் போடும் துண்டுத் துணியை மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, மகளுக்கு அவரே தைத்த மாஸ்க் அது. வெளிப்பக்கம் மரத்தூசி படிந்து மஞ்சள் பூசியதுபோல இருந்தது. இர்ஃபானா அதைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத உன் மூஞ்சில எதுக்குக் கட்டணும்? எங்க ஃபேன் மூஞ்சில கட்டுனா என்ன?"

காளீஸ்வரியிடம் கேட்டு ஒரு பை நிறையத் துணி வாங்கி வந்தாள். ஒரு சட்டம் வேண்டும் என்று அவள் கேட்க, அத்தாவுக்கு உப்பிய ஸ்டூல் பலகை நினைவுக்கு வந்தது. இருந்தாலும் அடித்துக் கொடுத்தார். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஃபேனை நிறுத்தச் சொல்லி, ஜன்னலுக்கு வெளியே மாட்டினார்கள். சுவிட்சைப் போட்டதும் துணி தொந்தி போல உப்பி, பட்டென்று பிய்த்துக்கொண்டு பறந்து, சந்தில் மேய்ந்துகொண்டிருந்த சேவலின் மேல் விழுந்தது. சேவல் கல்யாணப் பெண் மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றியது.

அத்தா சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். இர்ஃபானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபேன் வெளியே தள்ளுகிறதென்றால், உள்பக்கமிருந்து இழுக்கத்தானே செய்ய வேண்டும்?

"அத்தா, செத்த நேரம் வாங்க. உள்பக்கமா மாட்டிப் பாப்போம்."

உள்பக்கம் மாட்டினார்கள். இந்த முறை துணி பறக்கவில்லை. ஃபேன் அதைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஆனால் மெல்லிய தூசி துணியின் கண்ணுக்குள் புகுந்து போய்க்கொண்டுதான் இருந்தது. மாரியின் மாஸ்க்கில் பஞ்சு இருந்தது இர்ஃபானாவுக்கு நினைவு வந்தது. இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சை மெல்லிசாகப் பரப்பி வைத்தாள். முதலில் பஞ்சு அதிகமாகிக் காற்றே போகவில்லை. குறைத்தாள். இன்னும் கொஞ்சம் குறைத்தாள். பிறகு சரியாக வந்தது.

அத்தா தேய்த்து முடித்துச் சட்டத்தைக் கழற்றியபோது அதில் அடை கனத்துக்குத் தூசி ஒட்டியிருந்தது. அத்தனையும் இத்தனை நாள் எங்கே போனது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. சட்டத்தைக் கையில் வைத்தபடி மாரீஸ்வரி வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காளீஸ்வரி லேசில் நம்புகிற ஆள் இல்லை. அவர் தன் வீட்டுக் கறுப்புக் குடையைக் கொண்டுவந்து, சந்தில், ஃபேனுக்கு நேர் எதிரே விரித்து வைத்தார். மிஷின் ஓடியது. இர்ஃபானா விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். மிஷின் நின்றதும் காளீஸ்வரி குடையின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரலைப் பார்த்தார். கோடும் விழவில்லை, விரலிலும் ஒன்றும் இல்லை.

"அண்ணே, நெசமாவே மிஷின ஓட்டுனீகளா?"

ஹபீப் உள்ளேயிருந்து தேய்த்த பலகையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். காளீஸ்வரி அதைத் தடவிப் பார்த்தார்.

"சரி. இந்த மேக்காத்து முடியற வரைக்கும் பாப்போம். பிள்ளைக்கு இளைப்பு வந்துச்சுன்னா போயிருவோம். அதுக்குப் பொறவு என்னைய யாரும் தடுக்கக் கூடாது."

இர்ஃபானா உடனே அத்தாவிடம் இரண்டு சத்தியம் வாங்கினாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது மட்டுமே மிஷினை ஓட்ட வேண்டும். ஓட்டும்போது அவரும் மாஸ்க் போட வேண்டும். தாடி இருக்கும்போது மாஸ்க் எதற்கு என்று அத்தா வாதாடினார். தாடி மூக்குக்குக் கீழேதான் இருக்கிறது என்று நூர்னிசா சொல்லி வழக்கை முடித்துவிட்டார்.

தினமும் சாயங்காலம் இர்ஃபானா அழுக்குத் துணியை வாளித் தண்ணீரில் அமுக்கி அலசினாள், பஞ்சை மாற்றினாள். தினமும் காலையில், ராத்திரி இருமினாயா என்று மாரீஸ்வரியைக் கேட்டாள். முதலில் கொஞ்சம் என்று பதில் வந்தது. அப்புறம் இல்லை என்று வந்தது. பல நாள் இல்லை என்றே வந்தும் இர்ஃபானா கேட்பதை நிறுத்தவில்லை.

ஆடி முடிந்து காற்று அடங்கிய ஒரு நாள், காளீஸ்வரி வாசலில் வந்து நின்று இர்ஃபானாவைக் கூப்பிட்டார்.

"சோழபுரத்து வீட்டுக்காரவுகளுக்கு போன் போட்டுட்டேன். வேற ஆளு பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன்."

இர்ஃபானா ஓடி வந்தாள். அத்தை என்று கூப்பிட்டு அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. தூசி விழுந்துவிட்டது என்று பொய் சொல்லவும் இப்போது வழியில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் தெருமுனை வரை ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். மாரீஸ்வரி ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடி, இர்ஃபானாவை முந்திவிட்டாள். தோற்றுப்போன இர்ஃபானா திரும்பி வரும்போது வீட்டுக்கு வீடு நின்று சொல்லிக்கொண்டே வந்தாள்: "மாரி என்னைய ஜெயிச்சுட்டா தெரியுமா?"