கணவாய்க் கல்

ரோமத்துக்கு வளர்த்த லாமாக்கள் பட்டிக்குள் போக மறுத்தன. பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. மலையிலிருந்து இறங்கிய மூடுபனியில் பதினேழும் வாசலில் நெருக்கியடித்து நின்று, காதுகள் விறைக்க, பௌஸ்தினாவின் புருஷன் திமோத்தேயோ முந்தின நாள் கல் வைத்து அடைத்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கெஞ்சினாள், திட்டினாள், கவணைச் சுழற்றிக்கூடப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

சுவரருகே போனாள். ஈர ரோமத்தின் வாடை, சாணப்புகை, அதற்குள் மென்று துப்பிய கோக்கா இலையின் கசப்பு. அடைத்த இடத்தில் தட்டையாக ஒரு கல். அதன் முகமெல்லாம் காய்ந்த இலைச் சக்கை.

கணவாயில் இருக்கவேண்டிய கல் என்று பார்த்ததுமே தெரிந்தது. கணவாயைக் கடக்கிற ஒவ்வொருவரும் ஒரு கல்லெடுத்து, வலிக்கிற இடத்தில் தேய்த்து, மென்ற இலையை அதில் அப்பி, அங்கிருக்கும் கற்குவியலில் வைத்துவிட்டு நடப்பார்கள். களைப்பு கல்லோடு அங்கேயே தங்கிவிடும். அதை வீட்டுக்குத் தூக்கிவர எவனுக்குத் துணிச்சல் வரும்? அவள் புருஷனுக்குத்தான் வரும், சோம்பேறி.

அவன் அடுப்போரம் சரிந்து கிடந்தான். முன்னால் சூப் ஆறிப்போயிருந்தது.

"கணவாய்க் கல்லையா எடுத்துட்டு வந்தே? மலையில கல்லுக்கா பஞ்சம்?"

"தோதா, தட்டையா இருந்துச்சு புள்ள. கழுதை மேல போட்டுக் கொண்டாந்தேன்."

"கழுதை எங்க?"

"நேத்தே படுத்துச்சு. எந்திரிக்கல." அவன் நாக்கு குழறியது. "நானும் எந்திரிக்க முடியல."

அவனுக்கு ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே வெகுநேரம் ஆனது. அவள் போய்ச் சுவரிலிருந்து கல்லைப் பிடுங்கி எடுத்தாள். எட்டு மாதக் குழந்தை சிஸாவைப் போர்வையில் முடிந்து முதுகில் கட்டிக்கொண்டு, கல்லைத் திருப்பி வைக்கக் கணவாயை நோக்கி ஏறினாள்.

பாதி ஏற்றத்தில் குழந்தை கனத்தது. பிறகு மூட்டையாய்க் கனத்தது. பிறகு நிமிரவே விடவில்லை. பனிக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவளில்லை. இன்னொரு பெருமூச்சு. அதற்கும் பின்னால் பலர். திரும்பிப் பார்க்கப் பயம். நின்றால் படுத்துவிடுவோம் என்ற பயம் அதைவிடப் பெரியது.

குவியல் வந்தது.

சிறுவயதிலிருந்து செய்ததைக் கைகள் தாமாகவே செய்தன. கல்லை முழங்காலில் தேய்த்தாள். தோளில் தேய்த்தாள். எங்கே அதிகம் வலித்ததோ அங்கே, முதுகுப் போர்வைமேல், அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். குவியலில் வைத்தாள்.

அப்பாடா என்றிருந்தது. கால்கள் காற்றாயின. திமோத்தேயோ எழுந்திருப்பான். சிரிப்புக்கூட வந்தது.

கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. போர்வை தட்டையாகக் கிடந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

குவியலின் அடியாழத்தில், எத்தனையோ தலைமுறை வைத்த கற்களுக்குக் கீழே, சிஸா பாலுக்கு அழுதாள்.

பௌஸ்தினா ஒரு கல்லைப் பிடுங்கினாள். யாரோ ஒருவரின் களைப்பு கையில் ஏறியது. இரண்டாவது கல். மூன்றாவது கல்லில் விரல்கள் துவண்டன. நான்காவதை அசைக்க முடியவில்லை. குவியல்மேல் கவிழ்ந்து விழுந்தாள்.

அழுகை நிற்கவில்லை. மார்பில் சுரந்த பால் கற்களின் இடுக்கில் சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.