பிரசிடெண்டுக்கு ஒரு தொட்டி

"என்னங்க இது... வழியை அடைச்சுக்கிட்டு?"

மாடிப்படி திரும்பும் இடத்தில் நின்று கேட்டாள் பிரிஸில்லா.  எதிரே ஒரு ராட்சசப் பெட்டி. ப்ளைவுட்டில் செய்து, உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூச்சு பூசி, சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே அசைவேனா என்று உட்கார்ந்திருந்தது. பெட்டியின் திறந்த வாய் அவள் பக்கம். கீழ்ப்படிகளின் பக்கம் ஜன்னல் மாதிரி ஒரு பெரிய ஓட்டை.

அந்த ஓட்டையில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. மரத்தூள் ஒட்டிய புருவம்... அதற்குக் கீழே, தப்புப் பண்ணிவிட்டு மாட்டிக்கொண்ட இரண்டு கண்கள்.

"ஸாரி மேடம்... சிக்கிக்கிச்சு."

"அது தெரியுது. யாருக்கு இவ்ளோ பெரிய சவப்பெட்டி?"

"ஐயோ, மீன் தொட்டி மேடம். கண்ணாடி இன்னும் மாட்டல."

"அளந்து பார்க்காமயா செஞ்சீங்க?"

"வாசக்கதவை அளந்தேன், ஹாலை அளந்தேன்... இந்தத் திருப்பத்தை மட்டும் அளக்கல. மொட்டை மாடியில இடம் இருக்குன்னு அங்கயே செஞ்சுட்டேன். கூட வந்தவங்க டீ குடிக்கப் போயிருக்காங்க."

"நல்லா இருக்கு போங்க! சனிக்கிழமை எங்க ஷோரூம்ல கூட்டம் பிச்சுக்கும். நான் எப்படிப் போறது... பறந்தா?"

அவன் பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி பெட்டியைப் பார்த்தான்.

"தப்பா நெனைக்கலேன்னா... இதுக்குள்ள புகுந்து வந்துடுங்களேன்."

"என்னாது?!"

வேறு வழி? முதலில் கைப்பை போயிற்று, பிறகு டிபன் பாக்ஸ், பிறகு நம்ம பிரிஸில்லா. துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கால் இடிக்க, முணுமுணுத்துக்கொண்டே தவழ்ந்தாள். ஓட்டைக்கு அப்பால் அவன் கை நீட்டினான். வேண்டாம் என்று தலையாட்டினாள். உடனே கால் வழுக்கியது. வேண்டாம் என்ற கையையே பிடித்துக்கொண்டு இறங்கினாள். அந்தக் கை சொரசொரப்பாக, சூடாக இருந்தது. நன்றி கூடச் சொல்லாமல் விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

அன்று முழுக்க, பாத்ரூம் சாமான் ஷோரூமில் கஸ்டமரிடம் ஷவர் விலை சொல்லும்போதெல்லாம் அந்தக் கண்கள் ஞாபகத்துக்கு வந்தன. சே, என்ன இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மாலை வீடு திரும்பியபோது தூறல். படியில் பெட்டி இல்லை. அம்மா ஆஞ்சலா எல்லாச் செய்தியும் தயாராக வைத்திருந்தாள்.

"கீழ்வீட்டுக்குப் புதுசா வந்திருக்கானே டெரிக், அவன்தான். மறுபடி மாடிக்கே ஏத்தி, கயித்தைக் கட்டி வெளிப்பக்கமா இறக்குனாங்க. தெருவே வேடிக்கை பார்த்துச்சு. ஆமா, நீ அவன்கிட்ட கத்துனியாமே?"

"கத்தலம்மா. கேட்டேன்."

"நீ கேக்குறதே கத்துற மாதிரிதான்டி இருக்கும்."

பிரிஸில்லா டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டாள். போன வருஷம் பிரேசர் டவுனிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வந்தவர்களை ரொம்ப நேரம் காக்கவைத்துவிட்டு, பழியை டிராஃபிக் மேல் போட்டாள் இவள். 'பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, ஆனா தன் தப்பை ஒத்துக்கவே மாட்டா போலிருக்கே' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே சிரித்துத் தள்ளினாள். உள்ளே அது இன்னும் வலித்தது. ஏன் வலித்தது என்றால், அது நிஜம்.

காதைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு ஜிமிக்கியைக் காணோம்!

கீழே போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் டெரிக் உள்ளங்கையை விரித்தான். ஜிமிக்கி.

"தொட்டிக்குள்ள கெடந்துச்சு. மீன் முழுங்கியிருந்தா என்ன ஆகிறது?"

"மீனே இல்லையே..."

"வரப்போகுது."

சொல்ல ஆரம்பித்ததும் அவன் முகமே மாறிவிட்டது. அவனுக்கு வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மெண்ட்டில் மெயின்டனன்ஸ் வேலை. லாபியில் ஒரு மீன் தொட்டி. அதில் கைநீளத்துக்கு ஒரு கிழட்டுக் கௌராமி மீன். எந்நேரமும் உர்ரென்று பார்ப்பதால் அசோசியேஷன் ஆட்கள் அதற்கு 'பிரசிடெண்ட்' என்றே பேர் வைத்திருந்தார்கள். இப்போது லாபியில் காபி கவுண்டர் வரப்போகிறது. தொட்டியை உடைக்கிறார்கள். மீனை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்... குழம்புக்குக்கூட.

"வாழைப்பழம் வெச்சா என் கையிலேர்ந்துதான் சாப்பிடும் மேடம். அம்மா போனப்புறம், நான் வருவேன்னு எதிர்பார்த்து நிக்கிறது அது ஒண்ணுதான். அதைப் போய் எப்படி..."

அவன் முடிக்கவில்லை. பிரிஸில்லா பெட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே அதட்டலாகக் கேட்டாள்.

"சரி, கண்ணாடி ஒட்ட சிலிக்கான் வாங்கிட்டீங்களா?"

"இல்ல, விசாரிக்கணும்..."

"என்கிட்டயே விசாரிக்கணும்ங்கிறீங்களா? பெங்களூர்ல பாதி பாத்ரூம் ஒழுகாம இருக்குன்னா அது என்னாலதான். நான் கொண்டுவரேன்."

கொண்டுவந்தாள். கடையிலேயே உசத்தியான டியூப். ஈரத்தில் கிடந்தாலும் கறுக்காது, பூஞ்சை பிடிக்காது, வாடை கூட வராது.

டெரிக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "மீனுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

முன்பக்கம் பெரிதாக ஒன்று, பக்கவாட்டில் சின்னதாக ஒன்று, இரண்டு கண்ணாடிகள். சிலிக்கானை அவள் பிசிறில்லாமல் ஓடவிட்டாள்... பழகின கை. கண்ணாடியை உள்பக்கமிருந்து வைக்க வேண்டும் என்றான் அவன். வெளியிலிருந்து ஒட்டினால் தண்ணீர் தள்ளிவிடுமாம். உள்ளிருந்து ஒட்டினால் அந்தத் தண்ணீரின் கனமே கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திக்கொள்ளுமாம். அவள் உள்ளே உட்கார்ந்து தள்ள, அவன் வெளியே நின்று சட்டத்தைப் பார்த்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் விரல்கள், அந்தப் பக்கம் அவன் விரல்கள்... நடுவில் குளிர்ந்த கண்ணாடி. இரண்டு பேருமே கையை எடுக்க மறந்துபோனார்கள்.

"ஒட்டிருச்சா?" என்று மாடியிலிருந்து ஆஞ்சலா குரல் கொடுத்தாள். இரண்டு பேரும் சட்டென்று விலகிக்கொண்டார்கள்.

சிலிக்கான் நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை! பிரிஸில்லா சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மாஸ் முடிந்ததும் போய்ப் பிரசிடெண்டை அழைத்து வருவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள், ஷோரூமில் ஒரு பெரியவர் அதே டியூப்பை நீட்டினார். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்தாராம். பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைக் கன்னடத்தில் வாசித்துச் சொல்லச் சொன்னார். எத்தனையோ வருஷமாக விற்கிறாள்... ஒருநாள்கூட அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. சளசளவென்று வாசித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள்.

பூஞ்சைக்கொல்லி சேர்க்கப்பட்டுள்ளது. மீன் தொட்டிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது.

அந்த வரியை மறுபடி வாசித்தாள். பாத்ரூமுக்கு எது உசத்தியோ, அதுவே மீனுக்கு விஷம். 'எனக்குத் தெரியாதா?' என்று கேட்டாளே... என்ன திமிர்!

பக்கத்து கவுண்டர் மமதாவிடம் சொன்னாள். மமதா சாதாரணமாகக் கையை விரித்தாள். "சும்மா இரு. மீன் செத்தாலும் வயசாயிடுச்சும்பாங்க. இல்லேன்னா கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லு. உன்னை யார் கேக்கப்போறா?"

யாரும் கேட்கமாட்டார்கள். அதுதான் பயமாக இருந்தது. டிராஃபிக் மேல் போட்ட மாதிரி கம்பெனி மேல் போட்டுவிடலாம். அவன் நம்புவான்... அந்தக் கண்கள் சந்தேகப்படவே படாது. அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

போன் சிணுங்கியது. டெரிக் அனுப்பிய படம். டெம்போவில் ஒரு நீல டிரம், உள்ளே உர்ரென்று ஒரு முகம். 'இன்னைக்கே உடைக்கிறாங்களாம். பிரசிடெண்டோட வந்துக்கிட்டே இருக்கேன்.'

கூப்பிட்டாள். எடுக்கவில்லை. டிரம்மைப் பிடித்துக்கொண்டிருப்பான். 'மீனைத் தொட்டியில விடாதீங்க' என்று அனுப்பினாள். பார்த்த அடையாளமே இல்லை. ஆட்டோ பிடித்தாள். மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. சாந்தி நகரைத் தாண்டியதும் ஆட்டோ நின்றது நின்றதுதான். இறங்கி ஓடினாள். செருப்பு ஒரு பக்கம், துப்பட்டா ஒரு பக்கம்... தன் பேட்டையான நீலசந்திராவின் சந்துகளில் தேங்கின தண்ணீரையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினாள்.

வாசலில் டெம்போ காலியாக நின்றது. உள்ளே ஓடினாள். தொட்டி ஓரத்தில் டெரிக், ஈரத் துணியில் பிரசிடெண்டை ஏந்திக்கொண்டு...

"போடாதீங்க!"

அவன் திரும்பினான்.

"அந்த சிலிக்கான் மீனுக்கு ஆகாது. டியூப்லயே எழுதியிருக்கு. நான் படிக்கல. நீங்க கேட்டீங்க... நான்தான் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். கம்பெனி மேல தப்பில்ல, யார் மேலயும் தப்பில்ல. என் தப்பு. ஸாரி டெரிக்... ஸாரி."

 டெரிக் மீனை மறுபடி டிரம்மில் விட்டான்.

"உங்ககிட்ட கேட்டேன்ல..." என்றான். அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

டிரம்மில் பிரசிடெண்டுக்குத் திரும்பக்கூட இடமில்லை. கண்ணாடியைப் பிரித்து, சுரண்டி, மறுபடி ஒட்டிக் காயவைப்பதற்குள்... பிரிஸில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு மமதாவுக்குப் போன் போட்டாள். ஷோரூம் கோடவுனில் விளிம்பு உடைந்த பாத்டப் ஒன்று விற்காமல் கிடந்தது. அது தனக்கு வேண்டும் என்றாள், இப்போதே. அதே டெம்போவில் அது வந்து இறங்கியது. தொட்டியில் மாற்றி ஊற்றவென்று, குளோரின் போக நாலைந்து நாளாகத் தனியே பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, எகிறிக் குதிக்காமலிருக்க மேலே கொசுவலையைக் கட்டினார்கள். அப்படியாகப் பிரசிடெண்ட், நீலசந்திராவிலேயே பாத்டப் வைத்திருந்த ஒரே குடித்தனக்காரர் ஆனார்.

அதன் பிறகு சுரண்டல். ஒட்டுவது சுலபம், ஒட்டியதைப் பிரிப்பதுதான் பாடு. பழைய சிலிக்கான் நூலளவு இருந்தாலும் புதியது பிடிக்காது. தினமும் வேலை முடிந்து வந்ததும் அவள் பிளேடோடு கீழே இறங்கினாள். அவன் முன்கண்ணாடியைச் சுரண்ட, அவள் பக்கவாட்டுக் கண்ணாடியைச் சுரண்டினாள். பேச்சே இல்லை. 'போதும், நான் பாத்துக்கிறேன்' என்று அவன் சொல்லிவிடுவானோ என்று தினமும் பயந்தாள். அவன் சொல்லவில்லை. ஒருநாள் அவள் விரலில் பிளேடு கீறியது. ஓடிவந்து, தன் கர்சீப்பைக் கிழித்துக் கட்டிவிட்டான்.

"கோபம் போயிடுச்சா?" மெல்லக் கேட்டாள்.

"அது அன்னைக்கே போயிடுச்சு."

"அப்ப ஏன் பேசல?"

"சமாதானமாயிட்டா நீங்க தினமும் கீழ வரமாட்டீங்களேன்னு..."

முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்து, சுரண்டிய இடத்தையே மறுபடி சுரண்டினாள்.

இந்த முறை வாங்கிய மீன் தொட்டி சிலிக்கான் புளித்த வினிகர் வாடை அடித்தது. வாங்குவதற்கு முன் கடைக்காரர் எதிரிலேயே பின்பக்கத்தை எழுத்துவிடாமல் இரண்டு பேரும் வாசித்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே லேசான தூறல். பிரசிடெண்ட் தொட்டியில் இறங்கினார். ஒரு மூலைக்குப் போனார், மறு மூலைக்குப் போனார், கடைசியில் நடுவில் நின்று உர்ரென்று பார்த்தார். டெரிக் நீட்டிய வாழைப்பழத் துண்டு லபக்கென்று காணாமல் போயிற்று.

"பிடிச்சிருக்கு போல!" என்றாள் பிரிஸில்லா, முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு.

டெரிக் பக்கவாட்டுக் கண்ணாடிப் பக்கம் போய்க் குனிந்தான். தண்ணீருக்குள்ளே, மீனுக்குப் பின்னால் அதே கண்கள். இந்தத் தடவை அவற்றில் மாட்டிக்கொண்ட பயம் இல்லை.

"பிரிஸில்லா... இந்தத் தொட்டிக்குள்ள முதல்ல வந்தது நீங்கதான். அன்னையிலேர்ந்தே... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

பிரிஸில்லா கண்ணாடியிலிருந்து மூக்கை எடுத்தாள். 

"அவசரப்படாதீங்க. பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி... கோபம் ஜாஸ்தி... தன் தப்பை ஒத்துக்கவே மாட்டா..."

"உங்க அம்மாவே எல்லாம் படிச்சுக் காட்டிட்டாங்க." அவன் சிரிக்கவில்லை. "கடைசி வரி மட்டும் தப்பா அச்சடிச்சிருக்காங்க. கொட்டுற மழையில ஓடிவந்து அவ சொன்னதை நான் என் காதால கேட்டேன்."

பிரிஸில்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடி, தண்ணீர், மீன், அவன் முகம் எல்லாம் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன.

"ஸாரிதான் சொல்றதுக்குக் கஷ்டமான வார்த்தைன்னு இத்தனை நாளா நெனச்சுட்டிருந்தேன்..."

"இப்ப?"

"அதைவிடக் கஷ்டமானது ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. நானும் பிரசிடெண்டும் கேட்டுட்டுத்தான் இருக்கோம்."

அவள் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கம் வந்தாள். நடுவில் இப்போது எதுவும் இல்லை.

"எனக்கும்தான் டெரிக்... எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."