முதலில் படித்துவிட்டு வாருங்கள்

கடை மேசையில் கிடந்த ஐந்து கணினிப் பாகங்களையும் பொருத்தன் என்ற இயந்திரம் தன் வில்லைக்கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்தது. "இதையெல்லாம் எந்தக் குப்பையில் பொறுக்கினீர்கள்?" என்று கேட்டது. வரிசையில் நின்றவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். பாகங்களைக் கொண்டுவந்த நஞ்சப்பனுக்குக் கோபம் வரவில்லை, உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. அது அவர் எழுதிய வாக்கியம்.

மலிவுப் பாகங்களைக் கண்டமேனிக்குக் கோத்து மூன்று அடுக்குமாடிகள் எரிந்தபிறகு, வீட்டில் சொந்தமாகச் சேர்க்கும் எந்தக் கணினிக்கும் பொருத்தனின் முத்திரை வேண்டும் என்று சட்டம் வந்தது. முத்திரை விழாவிட்டால் பாகங்களுக்குள் மின்சாரம் ஏறாது. பொருத்தனைச் செய்தவர்கள், கணினிப் பித்தர்கள் இணையக் குழுக்களில் இருபது வருடமாக எழுதிய பதில்களை அள்ளி அதற்கு ஊட்டினார்கள். முதலில் விற்றது பணிவாகப் பேசும் பொருத்தன். யாரும் சீந்தவில்லை. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறதே, இதற்கு என்ன தெரியும் என்றார்கள். திட்டுகிற பொருத்தன் வந்ததும் ஊரே வரிசையில் நின்றது. நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டால்தான் எதிராளிக்கு விஷயம் தெரியும் என்று நம்புகிற ஜனம், வேறென்ன செய்யும்?

திட்டுவதில் நஞ்சப்பனை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் அவர் நாற்பது மூலநிபுணர்களில் ஒருவர். பொருத்தனுக்குப் பிடிபடாத கேள்விகள் பெயரில்லாமல் அந்த நாற்பது பேரின் போன்களுக்குப் போகும். நஞ்சப்பன் முதல் வரியை மட்டும் படிப்பார். இரண்டாவது வரிவரை போக அவரென்ன வேலைவெட்டி இல்லாதவரா? 'முதலில் படித்துவிட்டு வாருங்கள்' என்று தட்டி அனுப்பிவிடுவார். நிபுணர் சொல்லே முடிவு, மேல்முறையீடு கிடையாது. மறுக்கப்பட்ட பாகங்கள் முப்பது நாள் பூட்டிக்கொள்ளும். இந்த விதியை எழுதிக்கொடுத்தவரும் அவர்தான்.

இப்போது அவர் பிழைப்பு அந்தரத்தில் தொங்கியது. உரக் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வரைபடம் சரிபார்க்கும் வேலை ஒன்று தேடி வந்திருந்தது, வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சொந்தக் கணினி இணைப்பில் வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அன்று சனிக்கிழமை. கம்பெனி வாங்கிக்கொடுத்த உயர்ந்த ரகக் கணினிகளையே ஆயுசு முழுக்கத் தடவிக்கொண்டிருந்த மனிதர், கைக்கு அடங்கிய விலையில் பாகம் பொறுக்குவது அதுவே முதல்முறை. நான்கு வருடப் பழைய மதர்போர்டையும் போன மாதம் வந்த மலிவுச் செயலிச் சில்லையும் எடுத்திருந்தார். இரண்டும் சேருமா என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியாது.

காந்திபுரத்தில் அந்தக் கடையை நடத்தும் கோகிலவாணிக்குத் தெரிந்திருந்தது.

"சேருமுங்ணா. போர்டுக்குள்ள இருக்கிற புரோகிராம் பழசுங்க, அதுக்குப் புதுச் செயலிய அடையாளம் தெரியாது. எங்கிட்ட ஒரு பழைய செயலி கெடக்குது. அதப் போட்டு புரோகிராமப் புதுசு பண்ணிப்போட்டு, அப்புறம் உங்களுத மாட்டுனாச் சரியாப்போயிருமுங்க."

"அம்மிணி, நீ யாவாரத்தப் பாரு. இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்," என்றார் நஞ்சப்பன்.

கோகிலவாணி தன் வியாபாரத்தைப் பார்க்கத் திரும்பினாள். அவள் கையால் முந்நூறு கணினிகள் சேர்ந்திருந்தாலும் அவளால் முத்திரை குத்த முடியாது. பொருத்தன் மட்டும் அவள் சொன்னதைக் காதில் வாங்கி, தான் படித்த பதில்களில் தேடிப் பார்த்தது. திட்டு மலைபோலக் கிடைத்தது, விடை கிடைக்கவில்லை. கேள்வியை மூலநிபுணருக்கு அனுப்பியிருப்பதாகவும் அதுவரை ஓரமாக நிற்கும்படியும் சொன்னது.

அரை மணி நேரம் ஆயிற்று. எவனோ ஒரு சோம்பேறி கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு காப்பி குடிக்கிறான் என்று நஞ்சப்பன் பொருமினார். மற்ற முப்பத்தொன்பது பேர் மேலும் அவருக்கு என்றைக்கும் மதிப்பிருந்ததில்லை. பொழுது போகாமல் தன் போனை எடுத்தார். ஐந்து கேள்விகள் காத்திருந்தன. வரிசையாகத் தள்ளினார். நான்காவது, 'கையில் காசு குறைவு, பழைய போர்டில் புதுச் செயலி சேருமா?' என்று ஆரம்பித்தது. காசில்லாதவனுக்கெல்லாம் கணினி எதற்கு என்று எரிச்சல் வந்தது. கட்டைவிரல் பழகிய இடத்தில் தானாகப் பதிந்தது.

மேசையில் பொருத்தன் கண் சிவந்தது.

"மூலநிபுணர் தீர்ப்பு: முதலில் படித்துவிட்டு வாருங்கள். பாகங்கள் முப்பது நாள் பூட்டப்படுகின்றன."

ஐந்து பாகங்களும் 'டக்'கென்று பூட்டிக்கொண்டன. அது தான் இப்போது தட்டிய அதே பதில் என்று நஞ்சப்பனுக்கு உறைத்தது. போனில் நான்காவது கேள்வியைத் திறந்து, வாழ்க்கையில் முதன்முறையாக இரண்டாவது வரியைப் படித்தார். 'கடைக்காரர் சொல்லும் வழி சரி என்றே படுகிறது. ஆம் என்று ஒரு சொல் அனுப்பினால் முத்திரை குத்திவிடுவேன்.'

அவர் 'ஆம்' என்று அடித்தார். மறுபடி அடித்தார். தீர்ப்பு இறுதியானது என்று இரண்டு முறையும் திரை சொன்னது.

"அம்மிணி, அந்த நிபுணரே நாந்தான். படிக்காம அனுப்பிப்போட்டேன். நீ சொன்னதுதான் சரி, எப்படியாவது இதத் தொறந்து குடு," என்றார். 

கோகிலவாணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு மனசு இளகத்தான் செய்தது, ஆனால் சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

"ஏனுங்ணா, அத்தன பெரிய மனுசன் எதுக்குங்க இந்த அஞ்சு பாகத்தத் தூக்கிட்டு எங்க கடை வாசல்ல நிக்கோணும்? அவரு ஒண்ணு சொன்னா, காரணமில்லாமச் சொல்ல மாட்டாருங்க. ஊட்டுக்குப் போயிப் படிச்சுப்போட்டு வாங்க."

பின்னால் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். நஞ்சப்பன் பாகங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்தார். சட்டைப்பையில் போன் மறுபடி அதிர்ந்தது, யாரோ ஏதோ கேட்டிருந்தார்கள்.