நான்கு ஞாயிறு ரத்து

இங்கிலீஷ் மிஸ் கொடுத்த வீட்டுப்பாடம் இதுதான்: 'ரத்து' என்று பொருள் தரும் நான்கு இங்கிலீஷ் வார்த்தைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் வைத்து சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும்.

மற்ற பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தார்கள். வாயாடிக்கு அந்தக் கஷ்டமே இல்லை.

வாயாடி என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாயாடிக்குச் சைக்கிள் வாங்கி நான்கு ஞாயிறு ஆகிவிட்டது. ஓட்டக் கற்றுத்தர ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புவார். செருப்பு மாட்டும் நேரம் பார்த்து போன் அடிக்கும். எங்கோ ஒரு லிஃப்ட் நடுவழியில் நின்றிருக்கும். உள்ளே யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள்.

"அடுத்த வாரம்டா கண்ணு" என்றபடி அப்பா ஓடுவார்.

கேன்சல், கால் ஆஃப், ட்ராப், ஸ்க்ராப். நான்கு ஞாயிறுக்கு நான்கு வார்த்தை. எல்லா வாக்கியமும் 'மை ஃபாதர்' என்றே தொடங்கியது.

மிஸ் அதற்கு ஒரு தங்க ஸ்டார் ஒட்டி, வகுப்புச் சுவரில் மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை பெற்றோர் வரும் நாள். அது ஞாபகம் வந்ததும் வாயாடி மிஸ்ஸிடம் ஓடினாள்.

"மிஸ், அதை எடுத்துடலாமா?"

"ஏம்மா? ஸ்பெல்லிங் எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

வெள்ளிக்கிழமை அப்பா வந்தார். கிரீஸ் கறை படிந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். லிஃப்டில் இருக்கும் அப், டவுன், ஸ்டாப் தவிர அவருக்கு அதிகம் இங்கிலீஷ் வராது. ஸ்டாரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"ஃபாதர்னு நாலு தடவை வருதே! என்னைப் பத்தியா எழுதியிருக்கே?"

ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயாடி அதை விழுங்கினாள்.

"நாலு வாரமா நீங்க சைக்கிள் விட வராததைப் பத்திப்பா."

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நாலும் அதானா?"

"ம்."

"ஓ" என்றார் அப்பா. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சுவரையே பார்த்தாள். இரண்டு பேரும் சுவரையே பார்த்தார்கள்.

சட்டென்று அவள் பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

"நான் தப்பா எழுதிட்டேன்பா. இந்த நாலு வார்த்தைக்கும் இனிமே கிடையவே கிடையாதுன்னு அர்த்தம். நீங்க அடுத்த வாரம்னுதானே சொன்னீங்க? அதுக்கு 'புட் ஆஃப்'. தள்ளிப் போடறது."

கடைசி வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். பாதியில் நிறுத்தி நிமிர்ந்தாள்.

"எந்தத் தேதிக்குத் தள்ளிப் போட்டீங்கன்னு எழுதணும். சொல்லுங்க."

"லிஃப்ட் நின்னுடுச்சுன்னா?"

"உங்க ஆபீஸ்ல வேற மெக்கானிக்கே இல்லையா?"

"ஒருத்தர் இருக்காரு. கேட்டதில்ல."

"ஏம்ப்பா?"

"கூச்சமா இருக்கும்டா."

"இப்பக் கேளுங்க. நான் பக்கத்துலதானே இருக்கேன்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு போன் போட்டார். மறுமுனைக் குரல் வகுப்பு முழுக்கக் கேட்டது. "யோவ், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போன மாசமே பாத்திருப்பேனே! வாயில என்ன கொழுக்கட்டையா?"

அப்பா போனை வைத்துவிட்டு, "நாளன்னிக்கு ஞாயிறு. எழுதிக்கோ" என்றார்.

அவள் எழுதி முடிக்கும்போது மிஸ் வந்தார். "ஐயையோ, மாட்டி வெச்ச பேப்பர்ல இப்படி அடிச்சு எழுதலாமா?" என்று ஸ்டாரைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு காலை மழை பிடித்துக்கொண்டது. மைதானம் முழுக்கச் சேறு, ஓர் ஆள் இல்லை. அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். ஏழு தடவை வாயாடி விழுந்தாள்.

எட்டாவது தடவை விழுந்தது அப்பா. சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது.