ஒரு தட்டுக்குப் பிடி

ஓடுகிற வண்டியில் பிரேக் கிறீச்சிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். இந்த பிக்கப் நான்கு நாளாக ஷெட்டில் நின்றபடியே கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

மெக்கானிக் முதலில் பழியைத் தகரக் கூரையில் பெய்த மழையின் மேல் போட்டார். மழை விட்ட பிறகும் கேட்டபோது எலியின் மேல் போட்டார். எந்த எலியும் அத்தனை நீளமாகக் கத்தாது என்பது அவருக்கே தெரியும். இன்று மத்தியானமும் மழை பிடித்துக்கொண்டது.

நாளைக் காலை அவருடைய தம்பி மனைவி இதில் தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போக வேண்டும். தம்பி பார்த்த அதே வேலை, அதே வண்டி. எட்டு மாதத்துக்கு முன் அந்த இறக்கத்தில்தான் அவன் பாலச்சுவரில் மோதிச் செத்தான். "ரொம்ப வேகமா போயிட்டான்" என்று எல்லோரிடமும் சொன்னவர் மெக்கானிக்தான். அதற்கு முந்தின நாள் பிரேக் ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்துவிட்டு, ஆயில் வெளியேறும் நிப்பிளை முறுக்க மறந்ததை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. இவளுக்காவது ஒழுங்காகச் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

முன் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேட் புதுசு. டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இல்லை. கையால் சுற்றினார், வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு சுற்றியது. மூன்றாவது சுற்றில் கிறீச்சென்று கத்தி, அவர் விரல்களுக்கு அடியிலேயே இறுகி நின்றது. யாரோ பெடலை அழுத்தினால்தான் அப்படி இறுகும். எட்டிப் பார்த்தார். சீட் காலி.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் சிக்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதையும் மாற்றினார். மாற்றினால் மறுபடி ஏர் எடுத்தாக வேண்டும். அதற்குப் பெடலில் ஓர் ஆள் வேண்டும். எப்போதும் தம்பிதான் உட்காருவான். பின்கட்டிலிருந்து தம்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"நான் கீழேருந்து ஸ்பேனரால ஒரு தட்டு தட்டினா, பெடல அழுத்திப் பிடிச்சுக்கோம்மா. ரெண்டு தட்டினா விட்டுடு."

"சரி மாமா. நாளைக்கு நம்பிப் போகலாம் இல்ல?"

"போகலாம்" என்றார்.

வண்டிக்கடியில் முதுகைச் சாய்த்தார். மழைத் தண்ணீர் ஓடையாக வந்து சட்டையை நனைத்தது. பிரேக் ஆயில் நாற்றம் மூக்கில் ஏறியது. ஒரு தட்டு தட்டினார்.

மேலேயிருந்து, தரைத்தகட்டில், குதிகாலால் ஒரு தட்டு பதிலுக்கு வந்தது.

'பிடிச்சாச்சு' என்பதற்கு அப்படிப் பதில் தட்டுவது தம்பியின் வழக்கம். அதை அவர் இவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவன் சொல்லியிருப்பான், புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் பேசியிருப்பார்கள் என்று சமாதானப்படுத்திக்கொண்டு நிப்பிளைத் திறந்தார். குமிழோடு ஆயில், நிப்பிளில் மாட்டியிருந்த குழாயில் இறங்கியது. மூடினார். இரண்டு தட்டு. பெடல் விடுபட்டது. மறுபடி ஒரு தட்டு. மறுபடி அந்தப் பதில். அதோடு, கால்வலிக்குத் தம்பி தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனையும் லேசாக வந்தது.

ஆறாவது முறை குமிழ் நின்றது. நிப்பிளை முறுக்கினார். பலம் கொண்ட மட்டும் முறுக்கினார். இரண்டு தட்டு தட்டினார்.

விடவில்லை.

"விடும்மா."

டிஸ்க் இறுகியே இருந்தது. மறுபடி இரண்டு தட்டு.

ஊர்ந்து வெளியே வந்தார். கதவைத் திறந்தார்.

அவள் இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கி மடக்கி, புடவையை இறுகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் ஒரு தடவகூட அழுத்தல மாமா" என்றாள். "நான் கால வைக்கறதுக்குள்ள அதுவா கீழ போச்சு."

பெடல் பாதி வரை அழுந்தியிருந்தது. அதன் மேல் எதுவும் இல்லை. தைல வாசனை.

"முறுக்கிட்டேன்டா" என்றார் மெக்கானிக், அந்தப் பெடலைப் பார்த்து. நாக்கு தானாகப் புரண்டது. "இந்தத் தடவ முறுக்கிட்டேன்டா."

அவள் மெல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தடவயா?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெடலையே பார்த்தார். அது இறங்கத் தொடங்கியிருந்தது. மெதுவாக. நிப்பிள் திறந்திருந்தால் இறங்குமே, அப்படி. வண்டிக்கடியில் ஆயில் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. பிறகு ஒழுகியது.

பெடல் தரையைத் தொட்டது.

அதன் பக்கத்தில், வெறும் தகட்டில், குதிகாலால் ஒரு தட்டு.